அண்ணன் மகளுக்கு நர்சிங் காலேஜ் பார்த்த கதை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, நீடாமங்கலத்திலிருந்து அண்ணன் போன் செய்தார். "பாப்பா, ஞாயித்துக்கிழமை உனக்கு டூட்டி இல்லன்னா வாயேன், புள்ளைக்கு ஒரு காலேஜ் பாத்துட்டு வந்துடலாம்." எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். அவர் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. அதற்குக் காரணமே நான்தான் என்று அண்ணி சொல்லுவார், கேட்டால் புகார் மாதிரியும் இருக்கும், பெருமை மாதிரியும் இருக்கும். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம், தனியார், நிகர்நிலை. அவர்களுடைய ஆள் வீட்டுக்கே வந்து பளபளவென்று ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்டையில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப்போடு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் தெரிகிற ஆஸ்பத்திரி நம் நாட்டு ஆஸ்பத்திரியே இல்லை, அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஞாயிறு வேண்டாம், லீவு போட்டுவிட்டு வருகிறேன், வேலை நாளில் போகலாம் என்றேன். அண்ணனுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டடம்தான் இருக்கும், பெயின்ட்டும் புல்வெளியும் பார்த்துவிட்டு வரலாம், படிக்கிற பிள்ளைகளையும் சொல்லிக்கொடுக்கிறவர்களையும் பார்க்க முடியாது. நாற்றங்காலைப் பார்க்காமல் விதைநெல் வாங்குவாயா என்று கேட்டேன். அது வேலை செய்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பி.எஸ்சி. இல்லை, ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ, எங்கள் காலத்தில் மூன்றரை வருடம், இப்போது மூன்று வருடமாக்கிவிட்டார்கள். கொஞ்ச காலம் திருச்சியில் தனியார் ஆஸ்பத்திரி, அப்புறம் 2015ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி அரசு வேலை, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினது. ரெகுலர் ஆவதற்குள் காதோர முடி நரைத்துவிட்டது. இப்போது டெல்டாவில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. ஒன்று மட்டும் முக்கியம், சுற்று வட்டாரத்து நர்சிங் காலேஜ் பிள்ளைகள் எல்லாம் போஸ்டிங் என்கிற வார்டுப் பயிற்சிக்கு எங்களிடம்தான் வருவார்கள். எந்தக் காலேஜ் எப்படி என்று அவர்கள் புத்தகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டதே இல்லை. ஒரு பிள்ளை நோயாளியின் கையைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதிப் பதற்றம் அதனால்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டார்கள், பஸ் தனி, யூனிஃபார்ம் தனி, பரீட்சைக் கட்டணம் தனி. அண்ணனுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். சம்பாவில் மாவுக்குப் பத்து மூட்டை என்று நல்ல விளைச்சலாகவே வைத்துக்கொண்டாலும் தொண்ணூறு மூட்டை, அறுபது கிலோ மூட்டையில் 54 குவிண்டால், கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 என்று போட்டால் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் வாடகை எதையும் கழிக்காத கணக்கு இது. ஒரு போகம் முழுவதும் அப்படியே ஒரு வருட ஃபீஸுக்குப் போய்விடும், அப்படி நான்கு வருடம். நாற்றங்கால் உதாரணம் சும்மா வாயில் வரவில்லை.

சரி, போனோம். அட்மிஷன் ஆபீசில் ஏசி, காபி, டை கட்டிய ஒரு தம்பி. மேடம் நீங்களும் இதே ஃபீல்டா என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை, எல்லாவற்றையும் அண்ணனிடமே சொன்னார். நூறு சதவீதம் பிளேஸ்மென்ட், ஜெர்மனி, இங்கிலாந்து, வைஃபை. முதலில் லேப் காட்டினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், லேப் நன்றாகவே இருந்தது. நான் படித்தபோது ஒரே ஒரு பொம்மை, அதற்கும் ஒரு கை கழன்றிருக்கும். இங்கே பெரியவர் பொம்மை, குழந்தை பொம்மை, பிரசவம் காட்டுகிற பொம்மை, ஊசி போட்டுப் பழகத் தனியாக ரப்பர் கை எல்லாம் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. அண்ணன் மகள் ஒரு பொம்மையின் பக்கத்தில் போய் நின்று, "இதுக்கு பி.பி. பாக்க முடியுமாக்கா?" என்று அங்கே நின்ற ஒரு மாணவியிடம் கேட்டாள். பார்க்கலாம், அதில் செட் பண்ணி வைக்கலாம், ஆனால் நாங்கள் இன்னும் தொட்டதில்லை என்றாள் அந்தப் பெண். எந்த வருடம் படிக்கிறாய் என்று கேட்டேன். மூன்றாம் வருடமாம்.

பொம்மையைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். அது முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டும், கை நடுக்கம் போக. அதற்கப்புறம் வேண்டியது ஆள். நர்சிங் டிகிரியில் வகுப்பறை பாதி என்றால் வார்டு பாதி, வார்டுதான் கொஞ்சம் கூட என்றுகூடச் சொல்வேன். 2021ல் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றி செமஸ்டர் முறைக்குக் கொண்டுவந்தது, எட்டு செமஸ்டர், அதில் கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு முன்னாலும் ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியாக மணி நேரக் கணக்கு உண்டு, மெடிக்கல் வார்டு, சர்ஜிக்கல் வார்டு, குழந்தைகள், மனநலம், பிரசவம், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் என்று. அந்த மணி நேரங்களை எங்கே, எந்த நோயாளியிடம் கழிப்பார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வைஃபை எல்லாம் அப்புறம்.

அதனால் ஆஸ்பத்திரியைக் காட்டுங்கள் என்றேன். டை கட்டிய தம்பி கொஞ்சம் தயங்கினார். பி.எஸ்சி. நர்சிங் நடத்த வேண்டுமானால் சொந்தமாக நூறு படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது கவுன்சில் விதி, காலேஜ்காரர்கள் பேரன்ட் ஹாஸ்பிடல் என்பார்கள். இவர்களுக்கும் வளாகத்துக்குள்ளேயே ஒன்று இருந்தது. போர்டில் நூறு படுக்கை என்று எழுதியிருந்தது, எண்ணிப் பார்த்தால் இருக்கவும் இருந்தது. காலை பதினொன்றரை மணி, எந்த ஆஸ்பத்திரியிலும் கூட்டம் நெரிகிற நேரம். ஓ.பி.யில் ஏழெட்டுப் பேர். வார்டில் வரிசையாகக் கட்டில், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துச் செருகிய பெட்ஷீட். மற்றவர்களுக்கு அது சுத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆள் படுத்து எழுந்த கட்டில் அப்படி இருக்காது. இரண்டு மாடியிலும் சேர்த்துப் பதினான்கு நோயாளிகள் எண்ணினேன், அதில் இரண்டு பேர் அங்கே வேலை செய்கிறவர்களின் அம்மாக்கள்.

லேபர் ரூம் எங்கே என்று கேட்டேன். கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள், ஒரு அம்மா ஆபீசுக்குப் போனார், ஒரு பையன் ஸ்டோருக்குப் போனான், பத்து நிமிடம் நின்றோம். அண்ணன்கூட மெதுவாக, "இப்ப ஒரு பொண்ணு வலியெடுத்து வந்தா என்னம்மா பண்ணுவாங்க?" என்றார். அண்ணன் எட்டாவதோடு நின்றவர், ஆனால் மாடு கன்று போட்ட ராத்திரிகளைப் பார்த்தவர், பிரசவம் சாவிக்காகக் காத்திருக்காது என்று அவருக்குத் தெரியும்.

நான் படித்தபோது இருபது பிரசவம் நாங்களே பார்த்துக் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் லேபர் வார்டு வாசலில் தவம் கிடப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஓடிவந்து எழுப்பினால் செருப்பில்லாமல் ஓடுவோம். பதினேழாவது கேஸ் ஒரு மன்னார்குடிப் பக்கத்து அம்மா, ஐந்தாவது பிரசவம், எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டு பெற்றார். அந்தக் கேஸ் புக் இன்னும் பீரோவில் இருக்கிறது. இந்தக் காலேஜ் பிள்ளைகள் பிரசவம் எங்கே பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, அஃபிலியேட்டட் ஹாஸ்பிடலுக்கு அனுப்புவோம் என்றார்கள். அதாவது அரசு ஆஸ்பத்திரிக்கு. அதாவது எங்களிடம்.

அங்கே என்ன நடக்கிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். கட்டணம் கட்டி அனுமதி வாங்கி மூன்று நான்கு காலேஜ்கள் ஒரே வார்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும். காலை எட்டு மணிக்கு நீலம், ரோஸ், பச்சை பார்டர் என்று கலர் கலராக யூனிஃபார்ம் வந்து நிற்கும், திருவிழா மாதிரி இருக்கும். முப்பது நோயாளி, நாற்பது மாணவி. வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், கால் புண், சர்க்கரை, காலையிலிருந்து ஆறு பேர் அவருக்கு நாடி பார்த்திருக்கிறார்கள். ஏழாவது பிள்ளை போனதும், "எத்தன பேருதான் புடிப்பிய, துடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, எழுதிக்க" என்று கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையும் நிஜமாகவே முன்னால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டாள். கூட வந்த டீச்சர் கவனிக்கவில்லை. டீச்சர் வந்திருந்ததே அன்றைக்கு அதிசயம், சில காலேஜ்கள் பஸ்ஸில் இறக்கிவிட்டுப் போனால் மதியம் ஏற்றிக்கொள்ளத்தான் வருவார்கள்.

ஒரு மாணவிக்கு மூன்று நோயாளியாவது இருக்க வேண்டும் என்பது கவுன்சில் வைத்திருக்கிற கணக்கு, பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியர் என்பது இன்னொன்று. அறுபது பிள்ளைகள் ஒரு நாள் போஸ்டிங்கில் இருந்தால் 180 நோயாளி வேண்டும். படுக்கை இருந்தால் போதாது, அதில் ஆள் வேண்டும். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எப்படிச் சமாளிப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பேப்பரில் எல்லாம் சரியாக வரும். பேப்பரில் வராதது என்று எதுவுமே கிடையாது நம் ஊரில்.

சின்னப் பல்கலைக்கழகம் என்பதால் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. 1900ல் ஒரே ஒரு படுக்கையில் தொடங்கியது. அதை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினது 1909ல், அதைப் பட்டப்படிப்பாக ஆக்கினது 1946ல். முதலில் நோயாளி வந்தார், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் டிகிரி. இப்போது சில பேர் டிகிரியை முதலில் போட்டுவிட்டு நோயாளி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தேன், வேதாரண்யம் பக்கம், இரண்டாம் வருடம். என் யோசனை என்னவென்றால் எந்தக் காலேஜுக்குப் போனாலும் அவர்கள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற மாணவியிடம் எதுவும் கேட்காதீர்கள், நீங்களாக ஒரு டீயை வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். நேற்று என்னம்மா செய்தாய் என்று மட்டும்தான் கேட்டேன். காலை ஐந்தரைக்குப் பஸ், எட்டு மணிக்கு வார்டு, ஒரு நோயாளியைச் சுற்றி ஆறு பேர், ஒரு ஆள் டிரெஸ்ஸிங் பண்ண ஐந்து பேர் பார்ப்பார்கள், பன்னிரண்டரைக்குத் திரும்பப் பஸ். நீ எப்போது டிரெஸ்ஸிங் செய்தாய் என்றேன். சிரித்தாள். "எனக்கு இன்னும் முறை வரலைக்கா." பிள்ளை கெட்டிக்காரி, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நோயாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிற கேர் பிளான் நோட்டை வாங்கிப் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தாக, நர்சிங் டயக்னோசிஸ் எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் திரு. எக்ஸ். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால் திரு. ஒய். பெயரை மறைத்து எழுதுவது சரிதான், ஆனால் திரு. எக்ஸுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், சாப்பிட்டாரா, எதற்குப் பயந்தார் என்று ஒரு வரி இல்லை. பார்க்காத ஆளைப் பற்றி எழுதினால் அப்படித்தான் வரும்.

பிரின்சிபாலைப் பார்த்தோம். நல்ல அம்மா, இதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லா மாணவிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யாருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தார், ஒரு பெரிய காலேஜில் இது நடக்காது. நான் நேராகவே கேட்டேன், மேடம், வார்டில் ஆளே இல்லையே என்று. சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். "ஆஸ்பத்திரி இப்பத்தான் வளருது, இன்னும் அஞ்சு வருஷத்துல நல்லா வந்துடும்." அஞ்சு வருஷத்தில் எங்க புள்ள படிச்சே முடிச்சிருக்கும் மேடம் என்றேன், அவரும் சிரித்துவிட்டார். ஆசிரியர்கள் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறவர் அவரைச் சேர்த்து மூன்று பேர். இது நான் எப்போதும் கேட்கிற கேள்வி. ஆசிரியர் நிற்காத இடத்தில் ஒன்று சம்பளம் சரியாக வராது, இல்லையென்றால் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற கணக்கு இருக்கும். இங்கே எது என்று நான் விசாரிக்கவில்லை.

ரிசல்ட் போர்டில் 98 சதவீதம், 100 சதவீதம் என்று வருடவாரியாக எழுதி வைத்திருந்தார்கள். இதை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரணமாக நர்சிங் காலேஜ்கள் சென்னையில் இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, கேள்வித்தாளும் திருத்துவதும் அங்கே. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளுக்குத் தானே கேள்வி எடுத்துத் தானே திருத்தும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு இடத்துச் சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அம்மா சமைத்து அம்மாவே மார்க் போட்டால் எந்த வீட்டுச் சாம்பாரும் நூற்றுக்கு நூறுதான்.

அங்கீகாரத்தைச் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்திலும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலின் பட்டியலிலும் காலேஜ் பெயர் இருக்கிறதா, எந்த வருடத்துக்கு, எத்தனை சீட்டு என்று பாருங்கள். அப்புறம் வகுப்பறையில் நாற்காலியை எண்ணுங்கள். ஐம்பது சீட்டுக்கு எண்பது நாற்காலி என்றால் ஒரு கேள்வி இருக்கிறது. படித்து முடித்து மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ், டிகிரி மட்டும் கையில் இருந்தால் ஆகாது. கடைத்தெரு மாடியில் ஒரு வருட நர்சிங், நர்சிங் அசிஸ்டென்ட், பேஷன்ட் கேர் டிப்ளமோ என்று போர்டு தொங்குகிறதே, அதில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இப்படிப் போய் இப்போது ஒருத்தி ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

நான் ரொம்ப உஷாராகக் கேட்ட இன்னொரு விஷயம் ஒரிஜினல் சர்டிபிகேட். சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார்களா, படித்து முடித்ததும் இங்கேயே ஒரு வருடம் வேலை செய்ய வேண்டும் என்று பாண்டு உண்டா? இது என் சொந்தக் காயம். நான் படித்த இடத்தில் என் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். திருச்சியில் ஒரு நல்ல ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு ஒரிஜினல் கேட்டார்கள், போய்க் கெஞ்சினேன், கிளார்க் லீவு, பீரோ சாவி அவரிடம் என்றார்கள். இன்டர்வியூ போனது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இங்கே டை கட்டிய தம்பி, "சேஃப்டிக்காக வச்சுக்குவோம் மேடம்" என்றார். எங்கள் வீட்டுப் பீரோவும் சேஃப்தான் என்றேன்.

வெளிநாட்டுக் கதையையும் கொஞ்சம் உடைக்க வேண்டும், அண்ணன் மகளின் கண் அந்தப் பக்கத்திலேயேதான் நின்றது. குறை சொல்ல மாட்டேன், இங்கே தனியாரில் பன்னிரண்டாயிரம் பதினைந்தாயிரம் என்று வாங்குகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் காலேஜ் யாரையும் அனுப்புவதில்லை. இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலப் பரீட்சை என்றால் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும், அதற்கப்புறம் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை, அங்கே போய்ச் செய்து காட்டுகிற ஒரு பரீட்சை. அந்தக் கடைசிப் பரீட்சையில் கை பேச வேண்டும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி, பி2 அளவுக்கு. அமெரிக்கா என்றால் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கிறவர்கள் எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று காலேஜிடமே நேராகக் கேட்டு வாங்குவார்கள். என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சி அந்த ஒரு கடிதத்துக்காக எட்டு மாதம் நடந்தாள், அவள் படித்த காலேஜில் ஆளே மாறிவிட்டது, பழைய ரெக்கார்டு எந்த அறையில் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் பத்து வருடம் கழித்தும் இந்த இடம் இருக்குமா, கதவைத் தட்டினால் யாராவது திறப்பார்களா என்பதையும் நான் பார்ப்பேன்.

மறுநாள் இன்னொரு இடத்துக்குப் போனோம், ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த காலேஜ், எம்.ஜி.ஆர். பல்கலைக்கழக இணைப்பு. ஃபீஸ் கொஞ்சம்தான் குறைவு. ஹாஸ்டலைப் பார்த்ததும் அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது, ஓடு ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். வைஃபை பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு சீரானது. எல்லாக் கட்டிலிலும் ஆள், ஜன்னல் கம்பியில் துண்டு காய்கிறது, யாரோ கஞ்சி வடிகட்டுகிறார்கள், நோயாளிகள் பாதிப்பேர் வயல்காட்டு ஜனங்கள். ஒரு மூன்றாம் வருடப் பிள்ளை ஊசியோடு கட்டில் பக்கம் போனாள். பின்னாலேயே நின்ற டியூட்டர், "பேரக் கேட்டியா?" என்றார், சத்தமாகக்கூட இல்லை. பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "தாத்தா, உங்க பேரு என்ன?" என்று கேட்டு, சீட்டோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் போட்டாள். ஒன்றரை நிமிடம் நடந்திருக்கும். டை கட்டிய தம்பி ஒரு மணி நேரம் பேசியதை இந்த ஒன்றரை நிமிடத்தோடு நான் ஒப்பிட்டே பார்க்கவில்லை, தேவைப்படவில்லை.

குறை இங்கேயும் உண்டு. கடைசி வருடப் பிள்ளைகளை இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஆள் பற்றாக்குறைக்கு வரிசையாக நைட் டூட்டி போட்டு அரைக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னாள், கண்ணுக்குக் கீழே கருவளையம் அதை ஆமாம் என்றது. சொந்த ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிற இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, சம்பளம் இல்லாத நர்ஸ் யாருக்குத்தான் கசக்கும்? கேட்டு வைத்துக்கொண்டோம்.

இப்போதைக்கு முடிவு என்னவென்றால் முதலில் அரசு கவுன்சிலிங். பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான், பிள்ளையின் மார்க் எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரேங்க் பட்டியல் வரட்டும். அரசு காலேஜ் கிடைத்தால் எந்த ஊராக இருந்தாலும் போகட்டும். இல்லையென்றால் அந்த ஒழுகுகிற ஹாஸ்டல். அண்ணனுக்கு இன்னும் அரை மனதுதான், சின்னப் பல்கலைக்கழகத்து பஸ் நீடாமங்கலம் வரைக்கும் வரும், பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும் என்பது அவருக்குப் பெரிய விஷயம், அதை நான் சின்னதாக நினைக்கவும் இல்லை. நேற்று டை கட்டிய தம்பி மறுபடி போன் செய்து இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் இருபதாயிரம் குறைக்கிறோம் என்றாராம். அண்ணன், லேபர் ரூம் சாவி கிடைத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அண்ணியிடமிருந்துதான் இந்தச் சேதி வந்தது, சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

கிளம்பும்போது என் பழைய பி.பி. அப்பரேட்டஸையும் ஸ்டெதஸ்கோப்பையும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தேன், எங்கே காது வைக்க வேண்டும், எந்தச் சத்தம் மேல் எண், எந்தச் சத்தம் கீழ் எண் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். இன்று காலை வார்டில் ரவுண்ட்ஸுக்கு நடுவில் போன். "அத்தை, அப்பாவுக்குப் பாத்தேன், 160க்கு 100 வருது, நான்தான் தப்பாப் பாக்கிறேனா?" இன்னொரு கையிலும் பார், ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பார் என்றேன். பார்த்தாள். 158. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் லைனில் வந்து, "பொம்மைக்கெல்லாம் பி.பி. இருக்காதுல்ல பாப்பா, அதான் அவங்க பாக்கல" என்று பேச்சை மாற்றப் பார்த்தார். நாளைக்கு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.